சொல்லிக்கொள்ளாமல்

ஆவுடை அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான் தப்பு. நின்றபடியே இருந்திருந்தால் இந்நேரம் வீட்டுக்குப் போய்க் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருப்பாள். வாசலில் வரிசையாக நிற்கிற உறவுக்காரர்களின் கையை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஊரே சொல்கிற அந்த ஒற்றை வாக்கியத்தை, உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன் என்பதை, தானும் சொல்லி, சவப்பெட்டி அருகே கொஞ்சம் தலைகுனிந்து நின்றுவிட்டு வந்த வழியே நழுவியிருக்கலாம். புருஷன் கைலாசம் அப்படித்தான் சொல்லி அனுப்பினான். "எட்டிப் பாத்துட்டு வந்துரு. அஞ்சே நிமிசம். தெருவே போவுது, நாம மட்டும் போவலேன்னா நல்லாவா இருக்கும்?" சொன்ன புண்ணியவான் தொழிற்சாலையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஊசிக்குழாய்களுக்கு நடுவில் நிம்மதியாக இருக்கிறான், மாட்டிக்கொண்டது அவள். ஒரு பெரியவர் தன் நாற்காலியை விட்டு எழுந்து அவளைப் பார்த்துத் தலையசைத்தார், மரியாதைக்கு உட்கார்ந்தாள். இந்த வெள்ளைக்கார ஊரில் அது ஒரு வழக்கம். வருகிறவருக்கு இடம் கொடுத்துவிட்டு எழுந்துபோவார்கள். அடுத்து யாராவது வந்தால் அவளும் எழுந்து இடம் கொடுக்கலாம், அந்தச் சாக்கில் கிளம்பலாம். ஆனால் அவள் உட்கார்ந்ததும் அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் நிற்பதில் திடீரென்று ஒரு பிரியம் வந்துவிட்டது. நடைவழியெல்லாம் கருப்புக் கோட்டுகள். இந்தப் பக்கம் ஒரு தடித்த மனிதர், அந்தப் பக்கம் ஜன்னல், எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பெட்டிக்குள் பக்கத்து வீட்டு மார்ட்டின். யாரோ அவள் கையில் டீக் கோப்பையைக் கொடுத்துவிட்டார்கள். சாவு வீட்டில் பச்சைத்தண்ணீர் பல்லில் படக்கூடாது என்று வளர்ந்தவள் அதை எங்கே வைப்பாள்? வலது கையில் கோப்பை. இடது கை அவளைக் கேட்காமலே அடிவயிற்றின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

கையை எடு, எடு, யாராவது பார்ப்பார்கள் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள், கை கேட்கவில்லை. அதற்கு அம்மா பேச்சுத்தான் கேட்கும் போல. காலையில்தான் அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து ஃபோனில் ஒரு பாட்டம் தீர்த்திருந்தாள். "ஏட்டி, பக்கத்து வீட்டுல சாவுன்னா சன்னலச் சாத்திட்டு உள்ளயே கெட. வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு அந்தப் பக்கம் தல வச்சிப் படுக்காத. இது மூணாவதுட்டி, நெனப்பு இருக்கா?" நினைப்பு இல்லாமல் என்ன? முதலாவது தங்கவில்லை. இரண்டாவது தங்குவது போல் போக்குக் காட்டிவிட்டுப் போனது. மூன்றாவதைப் பற்றி அம்மாவுக்கும் கைலாசத்துக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சொன்னால் கண் பட்டுவிடும், சொல்லாவிட்டால் இப்படி நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும். படித்தவள்தான், நூலகத்தில் வேலை பார்க்கிறவள்தான், பிணத்தைப் பார்த்தால் வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று கேட்கிறவர்களுக்கு அவளே சொல்வாள். கேட்கிறவர்களுக்குச் சொல்லலாம். தனக்குச் சொல்லிக்கொள்ளும்போது வாய் உலர்கிறது. சரி, வந்தாகிவிட்டது. பார்த்தாகிவிட்டது. இனி போனால் போதும். போவது எப்படி? அங்கேதான் வந்து இடிக்கிறது. அவள் ஊரில் சாவு வீட்டை விட்டு யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. 'போயிட்டு வாரேன்' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் மறுபடியும் இதே காரியமாக வர நேரும் என்று ஒரு பயம். வெறுமே எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அப்படிப் போகிறவரை யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், சொல்லிக்கொண்டு போகிறவரைத்தான் முறைப்பார்கள். இந்த ஊரில் தலைகீழ். இங்கே விடைபெறுவது வருகையைவிட நீளம். ஃபோனை வைப்பதற்குள் பை பை பை பை என்று மூச்சு முட்டச் சொல்வார்கள். இந்த அறையில் கிளம்புகிற ஒவ்வொருவரும் நேரே நோராவிடம், மார்ட்டினின் மனைவியிடம், பெட்டியின் தலைமாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற அவளிடம் போய், குனிந்து, இரண்டு கையாலும் கையைப் பிடித்து, ஏதோ சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். தன் தங்கை செத்தபோது வந்துவிட்டுச் சொல்லாமல் நழுவிய பல் டாக்டரைப் பற்றி நோரா இன்னும் வேலிக்கு மேலாகச் சொல்லிக் காட்டுவாள். அந்தாளிடம் பல்லைக் காட்டப் போவதையே நிறுத்திவிட்டாளாம். ஆவுடை சொல்லாமல் போனால் நோரா மனம் உடையும். சொல்லிவிட்டுப் போனால், போனால் என்ன? அதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை. யோசிப்பதும் சொல்வது மாதிரிதானே.

ஒரு கிழவி எழுந்து நோராவின் கன்னத்தைத் தொட்டு, "ஸ்லான், நோரா," என்றாள். இங்கிலீஷ் வருவதற்கு முன்னால் இந்த மண் பேசிய பாஷையின் அந்தச் சொல் வந்து ஆவுடையின் காதில் சிக்கிக்கொண்டது. மார்ட்டின் சொல்கிற சொல். ஊரின் கடைசியில், கருவேப்பிலை வாங்குவதற்காகப் பெரிய ஊருக்குப் போகிற சாலையில், பலகையில் எழுதியிருக்கிற சொல். மார்ட்டின் ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகும் தன் சின்னக் காரைப் பஸ் மாதிரிதான் ஓட்டுவார், திரும்புவதற்கு அரை மைல் முன்னாலேயே விளக்குப் போட்டுவிடுவார். இரண்டு தடவையும் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர்தான். கைலாசம் ஷிஃப்டில், ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள், ஆவுடை வேலி ஓரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் ஒன்றும் கேட்கவில்லை, காரின் பின்கதவைத் திறந்தார். சீட்டில் பழைய துண்டை விரித்தார். அந்தத் துண்டு! வெள்ளையில் நீலக் கோடு போட்டது. அதைத் துவைத்துத் திருப்பித் தர வேண்டும் என்று எடுத்துக்கொண்டு வந்தவள் துவைத்தாள், துவைத்தாள், கடைசியில் திருப்பித் தரவே இல்லை, அது இன்னும் அலமாரியின் அடித்தட்டில் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தி, "ஸ்லான்" என்றார். முதல் தடவை அதற்கு அர்த்தம் தெரியாது. தெரியாமலே போனாள், தெரியாமலே வெறும் வயிற்றோடு திரும்பினாள். பிறகு ஒருநாள் வேலியருகே கேட்டபோது அவர் காதைச் சொறிந்துகொண்டு, "சொல்லுவோம், அவ்வளவுதான். பஸ்ஸ விட்டு எறங்குறவங்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு," என்றார். பழகிப்போனதுக்கு ஏது அர்த்தம்? அவளும்தான் தினம் 'போயிட்டு வாரேன்' என்கிறாள், என்றாவது அர்த்தம் யோசித்திருக்கிறாளா?

நூலகத்தில் ஆளில்லாத ஒரு மழைநாளில் அந்தப் பாஷையின் தடித்த அகராதியை இறக்கிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம். விடைபெறுகிற சொல் என்று கடைசியில் ஓரமாகப் போட்டிருந்தது. அதற்கு முன்னால் முழுமையான என்று இருந்தது. பழுதுபடாத. காயம் இல்லாத. காயம் இருந்து ஆறிப்போன. போகிறவனைப் பார்த்து நீ முழுசாக இரு, இருக்கிறவனைப் பார்த்து நீயும் முழுசாக இரு. அவ்வளவுதான் அந்தச் சொல். அவள் மொழியில் கிளம்பும்போது வருவதாக வாக்குக் கொடுக்கிறார்கள், இவர்கள் வருவதைப் பற்றி மூச்சே விடுவதில்லை, உடைந்துபோகாதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறார்கள். பஞ்சம் பிழைக்கக் கப்பலேறிப் போனவர்கள் திரும்பாத ஊர் என்பதாலோ என்னவோ. அகராதி விட்டால்தானே? இவர்கள் மதுக் கோப்பையைத் தூக்கிக் குடிக்கும்போது சொல்கிற சொல் இதன் வயிற்றில் பிறந்ததாம். புல்தரையில் முளைக்கிற, நரம்போடிய நீள இலைச் செடி ஒன்றுக்கு இதன் பேர்தானாம், வெட்டுக்காயத்தில் கசக்கி வைத்துக் கட்டுவார்களாம். பழைய காலத்துச் சட்டத்தில் பிணை என்ற பொருளும் உண்டாம், ஒருவனுக்குக் கெடுதல் வராது என்று இன்னொருவன் பொறுப்பேற்பது. அதற்கும் கீழே, யாரும் பார்க்காத வரியில், சவால் என்று ஒன்று. முடிந்தால் என்னைத் தொட்டுப் பார் என்கிற சவால். ஒரு சின்னச் சொல்லுக்குள் இத்தனை பேர் குடியிருந்தால் அவர்களுக்குள் சண்டை வராதா என்று அப்போது சிரித்தாள். வேர் எங்கிருந்து என்று தேடினால், சமஸ்கிருதத்தில் 'சர்வ' என்கிறோமே, அதற்கு இது தூரத்துச் சொந்தம் என்று அறிஞர்கள் சிலர் நினைப்பதாக இருந்தது. சர்வம், எல்லாம், முழுசு. அவள் சிரிப்பு அங்கே நின்றுபோனது. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் கனிவாகத்தான் சொன்னாள், இது பலருக்கும் நடக்கிறது, மிகச் சாதாரணம் என்று. ஆவுடை அதை அம்மாவுக்கு ஃபோனில் தமிழில் சொல்லும்போது வாயில் வந்தது: சர்வசாதாரணம். அம்மா அந்தப் பக்கம் அழுதாள். முழுசும் சாதாரணம். உடைவது முழுசும் சாதாரணம். அன்றிலிருந்து மார்ட்டின் விரலை உயர்த்தி அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் முள் தைத்தது. கடைக்குப் போகும்போது சொன்னார், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது சொன்னார், போன வாரம்கூடச் சொன்னார். இப்போது பெட்டிக்குள் கழுத்துப்பட்டையோடு, தாடையைச் சுத்தமாக மழித்துக்கொண்டு, கையில் ஜெபமாலை சுற்றி, ஒரு கீறல் இல்லாமல் முழுசாகப் படுத்திருக்கிறார். இதுவும் முழுசுதானா? ஐயோ, என்ன நினைப்பு இது, வயிற்றுக்காரி நினைக்கிற நினைப்பா?

அப்போதுதான் இழுத்தது. அடிவயிற்றில், இடது பக்கம், உள்ளேயிருந்து யாரோ நூலைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டியது போல. அவள் அசையாமல் இருந்தாள். ஒன்றுமில்லை, நாற்காலி கட்டை, உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போயிருக்கும். முதல் தடவையும் இப்படித்தான் ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தது, இரண்டாவது தடவை வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தாள். மறுபடி சுண்டுகிறதா என்று காத்திருந்தாள். காத்திருந்தால் வருமோ என்று பயந்து வேறு எதையாவது நினைக்கப் பார்த்தாள், திரைச்சீலையில் இருக்கிற பூ, தடித்த மனிதரின் காலணியில் ஒட்டியிருக்கிற மண், அவர் விடுகிற மூச்சில் வெங்காய வாடை. கழிவறை மாடியில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிடலாம். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால்? இப்போது எழுந்துவிடுகிறேன், இதோ, இந்தப் பெண் நகர்ந்ததும் என்று முழங்காலை ஊன்றியபோது கூட்டம் தானாக இரண்டாகப் பிளந்தது. அவளுக்காக இல்லை. பாதிரியார் உள்ளே வந்தார். எல்லாரும் ஒரே சமயத்தில் மண்டியிட்டார்கள், நடைவழியிலும் மாடிப்படியிலும் முழங்கால்கள் தரையில் இறங்குகிற சத்தம், போவதற்கு இருந்த ஓரடி வழியும் போனது. ஜெபமாலை தொடங்கியது. பாதிரியார் பாதி வாக்கியம் சொல்ல, அறை மீதி வாக்கியத்தைத் தரையைப் பார்த்து முணுமுணுத்தது, மறுபடி அதே, மறுபடி அதே. ஆவுடையும் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்த சாமி பேரெல்லாம் இந்த வீட்டில் சொல்லக்கூடாது, தீட்டு. தெரியாத ஜெபத்தைச் சொல்லவும் வராது. வாய்க்குள் அந்தச் சொல்தான் புரண்டது, ஸ்லான், ஸ்லான், முழுசாக இரு, சின்னவனே, சின்னவளே, யாராக இருந்தாலும், கெட்டியாகப் பிடித்துக்கொள். யார் உனக்குப் பிணை? அப்பா ஷிஃப்டில் இருக்கிறார். அம்மா ஒரு டீக் கோப்பையைக் கீழே வைக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள். மறுபடி ஒரு சுண்டு. அவள் உதட்டைக் கடித்தாள், முணுமுணுப்பு போய்க்கொண்டே இருந்தது, நிறுத்துங்கள் என்று கத்தினால் நிறுத்துவார்களா, இல்லை அதையும் ஜெபத்தில் சேர்த்துக்கொள்வார்களா?

நின்றது ஒருவழியாக. ஜனங்கள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே போகத் தொடங்கினார்கள், இதோ, இதோ என்று அவளும் எழுந்தாள். ஆனால் குடும்பத்தார் உள்ளே வந்துவிட்டார்கள். நோராவின் அண்ணன், அவர் மகன்கள், மருமகள்கள், எல்லாரும் தோளோடு தோள் சேர்ந்து பெட்டியைச் சுற்றி வளைத்து நின்றார்கள், வளையத்துக்கு உள்ளே, ஜன்னலோரம், அந்நியமாக அவள் ஒருத்தி. நடைவழியில் இரண்டு ஆட்கள், இன்றிரவே சர்ச்சுக்குக் கொண்டுபோவதற்காக, பெட்டியின் மூடியை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூடப் போகிறார்கள். அதை அவள் பார்க்கப் போகிறாள். அம்மா சொன்ன எல்லாவற்றிலும் இது கடைசி, இதைச் சொல்லக்கூட அம்மாவுக்கு வாய் வந்திருக்காது. கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. நோரா நிமிர்ந்தாள். பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள், கோப்பையைப் பார்த்தாள், மற்ற கையைப் பார்த்தாள். பிறகு மூடி பிடித்திருந்தவர்களிடம், "கொஞ்சம் நில்லுங்க," என்றாள். அறை திகைத்தது. நோரா வளையத்தைக் கடந்து வந்து ஆவுடையின் மணிக்கட்டைப் பிடித்தாள், "வா, கெட்டில்ல தண்ணி கொதிக்குது," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லி, இழுக்காத குறையாக அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கெட்டிலில் ஒன்றும் கொதிக்கவில்லை. நோரா கதவைச் சாத்தினாள். அவள் பேசுகிற இங்கிலீஷ் ஆவுடைக்கு எப்போதுமே ஊர்ப்பேச்சாகத்தான் காதில் விழும், இன்றைக்கு இன்னும் அதிகமாக விழுந்தது.

"டீயக் குடிக்கவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல. எத்தன மாசம்?"

"யாரு சொன்னா?"

"ஒங்கைதான் சொல்லுச்சு. வந்து உக்காந்ததுலருந்து அத எடுத்தியா நீ? எம்புருசனப் பாப்பேனா, ஒன்னப் பாப்பேனா?" கோப்பையை அவள் கையிலிருந்து விரல் விரலாகப் பிரித்து வாங்கித் தொட்டியில் கொட்டினாள். "பெட்டிய மூடும்போது புள்ளத்தாச்சி அந்த வீட்டுல இருக்கக் கூடாது. எங்கம்மா இருந்தா ஒன்ன வாசல்லயே நிப்பாட்டிருப்பா. நாளைக்குக் கல்லறைக்கும் வராத. அங்க கால் பெரண்டுதுன்னா புள்ளைக்குப் பாதம் கோணிக்கிடும்பாங்க. பாதிரியார்ட்ட சொல்லிராத, சிரிப்பாரு."

ஆவுடைக்குச் சிரிக்கவும் வந்தது, அழுகையும் வந்தது, அழுகை முந்திக்கொண்டது. அம்பாசமுத்திரத்தில் ஒருத்தி, இந்தக் கடலோரத்தில் எப்போதோ செத்துப்போன ஒருத்தி, இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை, ஆனால் இரண்டு பேரும் அவளைத்தான் வாசலில் மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். தான் ஒருத்திதான் இந்தப் பயத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டி விமானத்தில் கொண்டுவந்தவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளே. வெட்கப்பட்டு வெட்கப்பட்டு அதை மறைத்தாளே.

"வலிக்குதா?"

"சுண்டி இழுக்குது. ரெண்டு தடவ."

நோரா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். "ஒன்னய எறக்கி விட்டுட்டு வந்த அன்னைக்கெல்லாம் மார்ட்டின் கார விட்டு எறங்க மாட்டாரு. வாசல்ல கார நிப்பாட்டிட்டு அப்படியே உக்காந்திருப்பாரு. நான் போயிக் கண்ணாடியத் தட்டணும்." மூக்கை உறிஞ்சினாள். "போயிப் படு. வலி கூடுனா ஃபோன் போடு. கார் நிக்குது. நான் ஓட்டுவேன்."

"இன்னைக்கா? நீங்களா?"

"ஏன், இன்னைக்கு எனக்குக் கை இல்லையா?"

முன்னறையிலிருந்து யாரோ நோராவைப் பேர் சொல்லி அழைத்தார்கள், மெதுவாக, தயங்கித் தயங்கி. அவள் பின்கதவைத் திறந்தாள். வெளியே இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்து, தூறல். "ஸ்லான்," என்றாள் நோரா.

ஆவுடை படியிறங்கினாள். திரும்பிப் பார்க்காதே. வாயைத் திறக்காதே. ஒரு சுவர் தாண்டினால் உன் வீடு, இவ்வளவு நேரம் தவித்ததெல்லாம் இதற்குத்தானே, வழி கிடைத்துவிட்டது, போ. ஆனால் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் வரவில்லை. நோரா நிற்கிறாள். மூடி அவளுக்காகக் காத்திருக்கிறது, அவள் அங்கே போகாமல் இங்கே நிற்கிறாள். நாளைக்குக் கல்லறையிலிருந்து திரும்பியதும் ஊரே வரிசையாக வந்து கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு போய்விடும், ஒருத்தரும் மிச்சமில்லாமல் முறையாகச் சொல்லிக்கொண்டு போய்விடும். அப்புறம் அந்த அடுப்படியில் யார்? ஆவுடை நின்றாள். இடது கை வயிற்றின் மேல் இருந்தது. அம்மா, கோவிச்சுக்காத, என்று மனசுக்குள் சொன்னாள். பயம் குறைந்திருக்கவில்லை, நாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது, அதைத் தள்ளிக்கொண்டுதான் பேச வேண்டியிருந்தது. பிணை நிற்பதும் சவால் விடுவதும் ஏன் ஒரே சொல்லுக்குள் வந்தன என்று அப்போது அவளுக்குப் புரிந்த மாதிரி இருந்தது. திரும்பி, நோராவின் முகத்தைப் பார்த்து, தமிழிலேயே சொன்னாள்.

"போயிட்டு வாரேன்."

"அப்படின்னா?"

"போறேன். ஆனா வருவேன்."

நோரா அதை யோசித்தாள். முகம் ஒருமுறை கோணி, பிறகு நேரானது. "அப்போ வா," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள்.

மூடி இறங்குகிற சத்தம் ஏதாவது கேட்குமோ என்று ஆவுடை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தகரக் கூரையில் மழை வலுக்கிற சத்தம்தான் கேட்டது. கோட்டின் தொப்பியை எடுத்துப் போடப்போன கை பாதியில் நின்றது. சாவு வீட்டுக்குப் போனவள் தலை நனையாமல் தன் வீட்டு வாசல் மிதிக்கக்கூடாது. அவள் தொப்பியை விட்டுவிட்டு முகத்தை மேலே தூக்கினாள். தண்ணீர் உச்சியில் விழுந்து, காதோரம் இறங்கி, கழுத்துக்குள் போனது, குளிர் எலும்பில் ஏறியது. வயிற்றில் இழுக்கிறதா, விட்டதா என்று பார்த்துக்கொள்ள மறந்துபோயிருந்தாள். வீட்டுச் சாவி கோட்டுப் பையில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் நனையட்டும் என்று அவள் அங்கேயே நின்றாள்.